தட்டை மூக்கு அச்சு

ஸ்டோனி கிரீக், மொன்டானா
8 மார்ச் 1987

அன்புள்ள தம்பி மெர்லுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ் அட்டையில் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் வேறென்ன நினைப்பது? இரண்டு கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. ஸ்போகேன் என்ன, கடல் தாண்டியா இருக்கிறது?

இங்கே பனி இன்னும் விடவில்லை. இதுவரை முப்பத்தாறு கன்று. ஒன்றுக்குக் காது இரண்டும் குளிரில் உதிர்ந்துவிட்டது, பார்க்க நீர்நாய் மாதிரி இருக்கிறது. கார்னா அதற்குத்தான் முதலில் பால் கொடுக்கிறாள். ஆமாம், உன் மருமகள் படிப்பை முடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். கால்நடை டாக்டரிடம் உதவியாக இருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் அக்டோபரில் மான் வேட்டைக்குத் தன் அப்பாவின் லீவர் துப்பாக்கியைத்தான் எடுத்துப்போவேன் என்று கார்னா பிடிவாதம் பிடிக்கிறாள். அவர் கையில் அடிபட்ட அந்த விபத்துக்குப் பிறகு நீ எடுத்துப்போய்ச் சரிசெய்து கொடுத்தாயே, அதே துப்பாக்கி. பத்து வருஷமாகத் துணி சுற்றி அலமாரியில் கிடந்தது. உன் அத்தான் "சுடட்டும். அது அவளுக்குத்தான். ஆனா தோட்டா விஷயத்துல என்னை ஒண்ணும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒரு யோசனை. கொட்டகையில் அவருடைய ஈயச் சட்டி, அடுப்பு, ஈயக்கட்டிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. குண்டு வார்க்கிற அச்சு மட்டும் இல்லை. நானும் கார்னாவும் வார்க்கப் பழகலாம் என்றிருக்கிறோம். உண்மையைச் சொன்னால், ஈயம் உருகுகிற வாசனை வந்தால் மனுஷர் தானாக வந்து நிற்பாரோ என்று ஒரு நப்பாசை. எந்த அச்சு வாங்கலாம்? அவரை விட்டால் இந்த விஷயம் தெரிந்தவன் நீ ஒருவன்தான். எழுது.

உன் அக்கா,
ஆர்டிஸ்


ஸ்போகேன், வாஷிங்டன்
24 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. ரயில்வே பட்டறையில் ஆள் குறைத்துவிட்டார்கள், இருக்கிறவர்களுக்கு இரட்டை வேலை. தாமதத்துக்கு அதுதான் காரணம்.

காது போன கன்றைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். கார்னா இவ்வளவு பெரியவளாகிவிட்டாளா?

அச்சு விஷயம். அக்கா, ஈயம் வார்ப்பது உனக்கு வேண்டாத வேலை. புகை நெஞ்சுக்கு ஆகாது. சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் உருகின ஈயம் முகத்தில் தெறிக்கும். கடையில் நல்ல தோட்டா கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு? நானே நான்கு பெட்டி வாங்கி, அந்தப் பக்கம் வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். கார்னாவுக்கு மாமாவின் பரிசாக இருக்கட்டும்.

வேறென்ன. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மெர்ல்


ஸ்டோனி கிரீக்
5 ஏப்ரல் 1987

அன்புள்ள தம்பி,

வேண்டாத வேலையாம். பிரசவம் ஆகாத பசுவுக்குத் தோள்வரை கையை விட்டுக் கன்றை இழுக்கிறவள் நான். எனக்கு ஈயப் புகை ஆகாதா? கார்னா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "மாமாவுக்கு நம்ம மேல அவ்வளவு நம்பிக்கை" என்றாள்.

பெட்டியெல்லாம் அனுப்பாதே. கடைத் தோட்டா தோளில் உதைக்கிறது. ஈயக்குண்டுக்குக் கொஞ்சம் வெடிமருந்து போதும், உதையும் குறைவு என்று உன் அத்தான் முன்பெல்லாம் சொல்வார். அதனால்தான் கேட்கிறேன்.

கார்னா ஒரு மென்மையான ஈய உருண்டையைக் குழலுக்குள் மரக்கோலால் தட்டித் தள்ளி, மறுபக்கம் வந்ததை அளந்து எழுதி வைத்திருக்கிறாள். அளவுச் சீட்டு உள்ளே இருக்கிறது. ஹார்லன் கடையிலிருந்து விலைப்பட்டியல் புத்தகம் கொண்டுவந்தோம். அதில் மூன்று அச்சு பொருந்தும் போலிருக்கிறது. அந்தப் பக்கத்தையே கிழித்து வைத்திருக்கிறேன். மூன்றில் எது என்று மட்டும் சொல், போதும்.

இன்னொன்றும் சொல்கிறேன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல. உன் அத்தான் துப்பாக்கிக் கழகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுகளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, விபத்து நடந்த மாசமே அதை விட்டார், இல்லையா. போன வாரம் அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. "நீங்க கேட்டுப் பாருங்களேன்" என்றேன். "ஒரே தோட்டாக் கூட்டுல ரெண்டு தடவை மருந்து போட்டவன் மத்தவன் துப்பாக்கியைச் சோதிக்கிறதா?" என்றார். காபிக்கடையில் கிளாரன்ஸ் இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்கிறான். "என்ன வெர்ன், சர்க்கரை ஒரு கரண்டியா, ரெண்டு கரண்டியா?" எல்லாரும் சிரிப்பார்கள். இவரும் கூடச் சிரிப்பார். மூன்று விரல் கையால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கும்போது எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருக்கும்.

சரி. அச்சைப் பற்றி எழுது. சாக்குச் சொல்லாதே.

உன் அக்கா,
ஆர்டிஸ்


ஸ்போகேன்
21 ஏப்ரல் 1987

அன்புள்ள அக்கா,

கார்னா நன்றாக அளந்திருக்கிறாள். என் பட்டறைப் பையன்களுக்கு அந்தக் கை வராது.

குண்டு குழலின் அளவைவிட ஒரு மயிரிழை பருமனாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் சூடான காற்று ஓரத்தில் கசிந்து, குழல் முழுக்க ஈயம் அப்பிக்கொள்ளும். எடை நூற்றெழுபது கிரெயின். அந்தத் துப்பாக்கியில் குறிபார்க்கும் முள்ளை அந்த எடைக்குத்தான் வைத்திருக்கிறது. குண்டின் அடியில் சின்னச் செப்புக் கிண்ணம் பொருத்த இடம் இருக்க வேண்டும். இடுப்பில் ஒரு பள்ளம் வேண்டும், கூட்டின் வாயை அதில் நெரித்துவிட்டால் குண்டு உள்ளே இறங்காது. இரட்டைக் குழி அச்சு வாங்கு, ஒற்றைக் குழி வாங்கினால் பொழுது போய்விடும். இரும்பு அச்சு சூடேற நேரம் பிடிக்கும், ஆனால் ஆயுசுக்கும் வரும்.

ஈயத்தோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர். முதல் இருபது குண்டு சுருக்கம் சுருக்கமாக வரும், வருத்தப்படாமல் திரும்பச் சட்டியில் போடு. கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும். கையுறை போடு. கண்ணாடி போடு. வேலை முடிந்ததும் கை கழுவாமல் எதையும் தின்னாதே.

நீ அனுப்பின பக்கத்தில் முதலாவதை வாங்கு. வார்க்கச் சுலபம். மற்ற இரண்டும் வேண்டாம்.

நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன்.

அன்புடன்,
மெர்ல்


ஸ்டோனி கிரீக்
6 மே 1987

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தைக் கார்னாவின் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம். பழைய மெர்ல் எழுதின கடிதம் மாதிரி இருந்தது. படிக்கப் படிக்க, நீ இங்கே கொட்டகையில் முக்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருந்தது. இனிமேல் இப்படித்தான் எழுத வேண்டும்.

ஒரு தடங்கல். நீ சொன்ன முதலாவது அச்சு கையிருப்பில் இல்லையாம். ஆகஸ்டு ஆகுமாம், அதுவும் நிச்சயமில்லையாம். ஹார்லன் ஊரில் இல்லை, அவர் அக்கா மகன்தான் கடையில் இருந்தான். மூன்றாவது உடனே கிடைக்கும் என்றான். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எடை அதேதான். பருமன் அதேதான். செப்புக் கிண்ணத்துக்கு இடம் இருக்கிறது, இடுப்புப் பள்ளம் இருக்கிறது, இரட்டைக் குழி, இரும்பு. ஒரே வித்தியாசம், முதலாவதின் மூக்கு வெட்டின மாதிரி தட்டை, இதற்குப் பென்சில் சீவின மாதிரி கூர். "கூரா இருந்தா இன்னும் தூரம் போகும், ஆன்ட்டி" என்றான் பையன். எனக்கும் அது சரியென்று பட்டது. உனக்கு வார்க்கச் சுலபமில்லை என்றால், நாங்கள் கொஞ்சம் கஷ்டப்பட்டுக்கொள்கிறோம்.

வெள்ளிக்கிழமை சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவேன். ஜூன் முதல் வாரம் கார்னாவின் பிறந்தநாளுக்குள் வந்துவிடும்.

உன் அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும்.

உன் அக்கா,
ஆர்டிஸ்


ஸ்போகேன்
11 மே 1987

அக்கா,

முதலில் இதைப் படி. அந்த மூன்றாவது அச்சை வாங்காதே. வந்துவிட்டால் பெட்டியைப் பிரிக்காதே. கூர்மூக்குக் குண்டு அந்தத் துப்பாக்கிக்குள் போகவே கூடாது. இன்று காலை கடைக்குப் போன் செய்து ஆர்டரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஹார்லனே எடுத்தார், நிறுத்திவிட்டேன் என்றார். அதற்கு முன்னால் உன் வீட்டுக்குத்தான் அடித்தேன். அத்தான் எடுத்தார். "யாருப்பா? பேசு, கேக்குது" என்றார். நான் வைத்துவிட்டேன்.

லீவர் துப்பாக்கியில் தோட்டாக்கள் எல்லாம் குழலுக்கு அடியில் உள்ள குழாய்க்குள் ரயில்பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் அடியில், சரியாக வெடிப்பொட்டின் மேல், முட்டிக்கொண்டிருக்கும். மூக்கு தட்டை என்றால் பயமில்லை. கூர் என்றால் அது ஆணி. ஒரு தோட்டா சுட்ட அதிர்ச்சியில் ஆணி பொட்டைக் குத்தும், குழாய்க்குள்ளேயே வெடிக்கும். அந்த இடத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது சுடுகிறவனின் இடது கை.

அத்தானின் கை அப்படித்தான் போயிற்று. அவர் மருந்தை இரண்டு தடவை போடவில்லை.

இனி எழுதுவதை நீ உட்கார்ந்து படி.

அந்த வருஷம் புது அச்சு வாங்க வேண்டும் என்று அத்தான் சொன்னார். "எதுக்கு, என்கிட்ட இருக்கு" என்றேன். என்னிடம் இருந்தது பழைய சாமான் கடையில் பொறுக்கின கூர்மூக்கு அச்சு, வேறு வகைத் துப்பாக்கிக்கானது. அது கூடாது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதினால் அது இன்னொரு பொய். அவர் முன்னால் ஒரு தடவையாவது நான் கொடுக்கிறவனாக இருக்க வேண்டும் என்று ஆசை. எல்லாவற்றையும் அவரிடமே கற்றுக்கொண்டு, அவர் டிராக்டரில் ஏறி, அவர் மேஜையில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ஐம்பது வார்த்தேன். மூக்கை அரத்தால் ராவித் தட்டையாக்கிவிடலாம் என்று நினைத்தேன். இருபத்திரண்டு ராவினேன். கை வலித்தது. மிச்சத்தை அப்படியே விட்டேன்.

வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் உங்கள் கொட்டகையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் கூடுகளில் மருந்து அளந்து போட்டு வரிசையாக நிறுத்திக்கொண்டே வந்தார். நான் குண்டு பொருத்தினேன். ராவினதை முதலில் பொருத்தினேன். அப்போதுதான் கன்றுகள் வேலியை உடைத்துக்கொண்டு சாலைக்குப் போய்விட்டன என்று நீ கூப்பிட்டாய். அவர் கரண்டியைக் கையில் வைத்தபடி ஒரு கணம் நின்றார். "எந்த வரிசை வரைக்கும் போட்டேன்?" என்றார். "எல்லாத்திலயும் போட்டாச்சு அத்தான், பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றேன். உண்மையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாக் கூட்டிலும் ஒரே அளவுதான் இருந்தது. பிறகு விளக்கைக் கிட்டே வைத்தும் பார்த்தேன். அவர் கை தப்பவே இல்லை.

அவர் போன பிறகு ராவாத இருபத்தெட்டையும் பொருத்தினேன். பெட்டியில் அடுக்கும்போது அவற்றை அடியில் வைத்து, ராவினதை மேலே வைத்தேன். ஏன் என்று கேட்காதே. ஏன் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மலையில் கையுறை போட்ட கையால் பெட்டியிலிருந்து அள்ளி நிரப்பினார். நான் பத்தடி தள்ளி நின்றேன். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகாது என்றும் நினைத்தேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீ கேட்டாய், "என்னடா ஆச்சு?" நான் சொன்னேன், "மருந்து ரெண்டு தடவை போட்டுட்டார் போல." அந்தப் 'போல'வைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தூங்கினேன். அத்தான் கண் விழித்ததும் அவரிடம் நீ அதையே சொன்னாய். வேலிக்குப் போனபோது எந்த வரிசையில் விட்டோம் என்று அவருக்கும் நினைவில்லை. தலையாட்டிவிட்டார். அன்று சாயங்காலமே மிச்சத் தோட்டாக்களை ஆற்றில் எறிந்தேன். துப்பாக்கியை நான் சரிசெய்கிறேன் என்று வாங்கிப்போனது உதவிக்கு இல்லை. கிழிந்த குழாயை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது. பார்த்தவன் எவனும் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவான். நீ எனக்கு அதற்காக ஒரு கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தாய்.

காபிக்கடையில் கிளாரன்ஸ் முதல் தடவை அந்தக் கரண்டிக் கேள்வியைக் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். நானும் சிரித்தேன். அடுத்த வசந்தத்தில் ஸ்போகேனுக்கு மாற்றல் கேட்டேன்.

போன கடிதத்தில் கையுறை போடு, கண்ணாடி போடு, கை கழுவு என்று எத்தனையோ எழுதினேன். மூக்கைப் பற்றி எழுதப் பேனா வரவில்லை. எழுதினால் நீ அத்தானிடம் சொல்வாய், அவர் யோசிப்பார், யோசித்தால் தெரிந்துவிடும் என்று பயந்தேன். 'வார்க்கச் சுலபம்' என்று எழுதினேன். அதனால் என் மருமகளின் கையும் போக இருந்தது. இதைவிடக் கேவலமாக ஒருவன் இருக்க முடியுமா என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். முடியும் என்று தோன்றவில்லை.

இதை அத்தானிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். இல்லை, அதுவும் கோழைத்தனம். காட்டு.

மெர்ல்


ஸ்டோனி கிரீக்
7 ஜூன் 1987

மெர்ல்,

உன் கடிதத்தைச் சாலையோரத் தபால்பெட்டி அருகே வண்டியை நிறுத்தியபடியே படித்தேன். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் பால்வண்டிக்காரன் ஒலி எழுப்பும்வரை எனக்குத் தெரியவில்லை.

ஐந்து நாள் அதை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். நீ பதினோராவது வருஷத்தில் சொன்னதை நான் ஐந்து நாளாவது தள்ளிப்போடலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. ஆறாவது நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் அவர் முன்னால் வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினார். "அன்னிக்கு மேல் வரிசையைப் பாத்தேன். தட்டையாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு கடிதத்தை மடித்து உப்பு ஜாடிக்குக் கீழே வைத்தார். நான் அவர் கத்துவார் என்று நினைத்தேன். உன்னைக் கொன்றுவிடுவேன் என்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: "அப்ப நான் சரியாத்தான் அளந்திருக்கேன்."

வெளியே போய் வாசல்படியில் நின்றார். திரும்பி வந்தார். "ஆர்டிஸ், நான் சரியாத்தான் அளந்திருக்கேன், இல்லையா?" என்று மறுபடியும் கேட்டார். ஆமாம் என்றேன். அன்று முழுவதும் என் பின்னால் வந்து வந்து அதையே கேட்டார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி. பாத்திரம் கழுவும்போது ஒரு தடவை. துணி உலர்த்தும்போது ஒரு தடவை. நான் ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றேன்.

விரல் போனதற்கு அவர் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. விபத்து எவனுக்கும் வரும் என்கிறார். கார்னாதான் உன் கடிதத்தைச் சுவரிலிருந்து கிழித்து அடுப்பில் போட்டாள், நீ எழுதின அந்த நல்ல கடிதத்தை.

உன்னிடமிருந்து எனக்கு வருத்தக் கடிதம் இன்னொன்று வேண்டாம். செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு கழகத்தின் காலை விருந்து. ஊரே வரும். நீ பொய் சொன்னது வாயால். அதைத் திருப்பிச் சொல்வதும் வாயால்தான் இருக்க வேண்டும், எல்லார் முன்னாலும், கிளாரன்ஸ் உட்கார்ந்திருக்கும்போது. அத்தான் இதைக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

ஆர்டிஸ்


ஸ்போகேன்
20 ஜூன் 1987

அக்கா,

வருகிறேன்.

இந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் பட்டறையில் விடுப்பு இல்லை. ஒன்றில் உடம்பு சரியில்லை. ஒன்றில், ஊருக்குத் தெரிந்தால் கார்னாவுக்குத்தான் அவமானம் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துப் பார்த்தபோது என் கையெழுத்தையே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் தங்க மாட்டேன். சாலையோர விடுதியில் அறை எடுத்துக்கொள்கிறேன்.

எந்த அச்சு வாங்குவது என்பதை அத்தானே தேர்ந்தெடுக்கட்டும். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எப்போதுமே அவருக்குத்தான் தெரியும்.

மெர்ல்


ஸ்டோனி கிரீக்
29 நவம்பர் 1987

மெர்ல்,

விருந்து முடிந்து இரண்டரை மாசம் ஆகிறது. உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று எழுதி முடித்துவிடுகிறேன்.

நீ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாய். தாளைப் பார்த்துப் படிப்பாய் என்று நினைத்தேன். நீ பார்க்கவில்லை. ஒன்றையும் விடவில்லை. ராவினதை மேலே வைத்ததைக்கூட விடவில்லை. கிளாரன்ஸ் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "அப்ப இத்தனை வருஷமா நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அவன் கழுத்து வரை சிவந்துவிட்டது. அந்த அறையில் அன்று தலைநிமிர்ந்து சாப்பிட்டவர் யாருமில்லை.

அத்தான் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான்.

"அன்னிக்கு வேலி உடையாம, நான் உன் பக்கத்துலயே உக்காந்திருந்தா, சொல்லியிருப்பியா மெர்ல்?"

தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாய். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. வீட்டில் உனக்கும் சேர்த்து ஒரு தட்டு வைத்திருந்தேன். நீ வர வேண்டும் என்று வைத்தேனா, வரமாட்டாய் என்று தெரிந்து வைத்தேனா, எனக்கே தெரியாது. வண்டியில் திரும்பும்போது அவர் சொன்னார், "பதில் சொல்லாம போனதுதான் சரி. என்ன சொல்லியிருந்தாலும் அது யோசிச்சுச் சொன்னதா இருந்திருக்கும்."

கழகத்தார் மறுவாரமே வீட்டுக்கு வந்து சுடுகளப் பொறுப்பைத் திரும்பக் கேட்டார்கள். இரண்டு வாரம் அவர்களைக் காக்கவைத்துவிட்டுச் சரி என்றார். காக்கவைத்தது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவனுடைய பெட்டியையும் மேல் வரிசை, அடி வரிசை என்று கொட்டிப் பார்க்கிறார். முணுமுணுக்கிறார்கள். அவருக்குக் கவலையில்லை. ஆகஸ்டில் வந்த தட்டை மூக்கு அச்சில் அவரே கார்னாவுக்கு எண்பது குண்டு வார்த்தார். நவம்பர் முதல் வாரம் அவள் ஒரே குண்டில் ஆண் மான் ஒன்றைச் சாய்த்தாள். இறைச்சியில் பாதியைக் கிளாரன்ஸ் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். நான் கொடுத்திருக்க மாட்டேன்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இத்தனை வருஷமாக நான் உன் அத்தானுக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழுவத்துக் கேட்டைச் சாத்திவிட்டு அவர் வீட்டுக்குள் வந்ததும், ஏதோ சாக்குச் சொல்லிப் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன். அடுப்பு அணைந்ததா என்று பார்ப்பேன். மாட்டுக்கு அவர் போட்ட ஊசியின் அளவைச் சீட்டில் சரிபார்ப்பேன். பனிக்காலத்தில் கார்னாவை அவர் வண்டியில் பள்ளிக்கு அனுப்பியதே இல்லை. நானே ஓட்டிப்போனேன், எனக்குக் கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லி. கவனமில்லாத மனுஷர், பாவம், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அதை அன்பு என்றே நினைத்தேன்.

போன வாரம் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். "கேட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததுக்கு" என்றேன்.

"அது தெரியும் ஆர்டிஸ். சில நாள் வேணும்னே தாழ்ப்பாள் போடாம வந்துடுவேன். நீ போய்ப் பாத்தா ஒரு தப்பாவது கிடைக்கட்டும்னு."

சிரித்துக்கொண்டே சொன்னார். நான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மெர்லை வரச்சொல்லி எழுது என்கிறார். அவர் மனசாரத்தான் சொல்கிறார். நீ அவரிடமிருந்து எடுத்தது அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, மெர்ல். எனக்குத் திரும்பக் கிடைக்க ஒன்றுமில்லை. நீ அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் இப்படிப்பட்ட மனைவியாக இருந்திருக்க மாட்டேன். நம்பினது நான்தான், அது என் தப்பு. கேட்டவுடன் நம்பினேன், ஒரு தடவைகூட "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்று சொல்லவில்லை. உன்மேல் கோபம் வரும்போதெல்லாம் அது பாதி வழியில் என் பக்கம் திரும்பிவிடுகிறது.

ஆகையால் இது அழைப்பு இல்லை. அவர் சொன்னதை உனக்குத் தெரிவித்துவிட்டேன், என் கடமை அவ்வளவுதான். நான் வா என்று எழுதவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் நான் என் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு எனக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியாது.

நீ எழுதினால் படிப்பேன். பதில் போடுவேன் என்று சொல்ல மாட்டேன்.

அவர் தொழுவத்திலிருந்து வந்துவிட்டார். வாசலில் காலணியைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. வெளியே காற்று அடிக்கிறது, தொழுவத்துக் கேட் ஆடுகிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. நான் எழுந்து போகப் போவதில்லை.

ஆர்டிஸ்